திங்கட்கிழமை பெயர் வாசிக்கும் முன்

என் மூத்த பிள்ளைக்கு நைனா எழுதுவது.

உன் கடிதம் நேற்று மத்தியானம் வந்தது. உன் அம்மா அதைத் தபால்காரரிடம் வாங்கிக்கொண்டு தறிக்குழி ஓரமாக வந்து நின்றாள். “கை கழுவிக்கினு வந்து படிங்க, பெரியவன் எழுதியிருக்கான்” என்றாள். படித்துக் காட்டினேன். ஆறாவது பாரத்தை உன்னிடம் ஒப்படைத்திருக்கிறார்கள் என்றதும் அவள் முகம் மலர்ந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவள்தான், ஆனால் ஆறாவது பாரம் என்றால் என்ன, அதன் கடைசியில் வரும் மார்ச் மாதம் என்ன என்பதெல்லாம் அவளுக்கு நன்றாகத் தெரியும். சர்க்கார் பரீட்சைக்கு யார் யாரை அனுப்பலாம் என்று பொறுக்கி எடுக்கும் செலக்‌ஷன் பரீட்சை முடிந்துவிட்டது என்றும், தாள்களைத் திருத்தியாகிவிட்டது என்றும், வருகிற திங்கட்கிழமை காலையில் எல்லா வகுப்புப் பிள்ளைகளையும் முற்றத்தில் நிற்கவைத்து நீயே பெயர்களை வாசிக்கப் போகிறாய் என்றும் எழுதியிருந்தாய். அனுப்பத் தகுந்தவர்களின் பெயர் முதலில், தகாதவர்களின் பெயர் பிறகு. அந்தத் தகாதவர்களில், செக்குக்காரர் மகன் ஒருவனைப் பற்றித் தனியாக எழுதியிருந்தாய். மற்றவர்களுக்குப் பாடமாக இருக்க அவனை முன்னால் கூப்பிட்டு நிறுத்தப் போவதாக. அந்த வரிகளை உன் அம்மாவுக்கு நான் படித்துக் காட்டவில்லை. சாயங்காலம் உன் தம்பி ஏகாம்பரம் பஸ் ஓட்டி முடித்து வீட்டுக்கு வந்ததும் அவன் கையில் கொடுத்தேன். அவன் படித்தான், மடித்துத் திருப்பிக் கொடுத்தான், கிணற்றடிக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தான். பிறகுதான் பேசினான். “அண்ணனுக்கு எழுது நைனா. என் சமாச்சாரம் எல்லாத்தையும் எழுது. எனக்கு ஒண்ணும் வெக்கமில்லை.”

ஆகவே எழுதுகிறேன். நிதானமாக எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் இன்று வெள்ளிக்கிழமை, உன் திங்கட்கிழமை நெருங்கிக்கொண்டிருக்கிறது என்கிற நினைப்பு என்னை உட்காரவிடாமல் அடிக்கிறது. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். சரிகை இழை இரண்டிரண்டாகத் தெரிகிற கண் இது. பி.ஏ. படித்து, எல்.டி.யும் முடித்து வாத்தியாராக இருக்கிற உனக்குப் பள்ளிக்கூட விஷயத்தில் நான் என்ன சொல்ல என்று கூச்சமாகவும் இருக்கிறது. பள்ளிக்கூடத்தைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. பெயர் வாசித்து முடித்த பிறகு பிள்ளைகள் கலைந்து போகிறார்களே, அதற்குப் பிறகு ஒரு வீட்டில் நடந்ததைத்தான் எழுதப்போகிறேன். அந்த வீடு உன்னுடைய வீடு. உனக்கே தெரியாமல் அது நடந்தது.

நீ பரீட்சை எழுதிய வருஷம் உனக்கு ஞாபகம் இருக்கும். பங்குனி உற்சவமும் பரீட்சையும் நெருங்கி வந்தன. வீதியில் மேளம், இங்கே நீ காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு பூகோளம் படித்தாய். விளக்கு வைத்த பிறகு நான் தறி ஓட்டுவதில்லை என்று நிறுத்திக்கொண்டேன். பக்கத்து வீட்டு நரசய்யா, நான் கேட்காமலே, அவர் தறியையும் நிறுத்திக்கொண்டார். யாராவது ஏன் என்று கேட்டால், “மன பிள்ளவாடு சதுவுகுண்டுன்னாடு” என்பார், நம்ம பிள்ளை படிக்கிறான் என்று. செங்கற்பட்டுக்குப் பரீட்சைக்குப் போனபோது நான் உன்கூட வந்தேன். மணி அடித்ததும் நீ வெளியே வரும்போது உன் முகத்தைத்தான் முதலில் பார்ப்பேன். ஒரு நாள்கூட நீ என்னைப் பயப்படவைக்கவில்லை. நீ தேறியபோது நம் தெருவே தேறிய மாதிரி இருந்தது.

அந்தப் பரீட்சையின் மேல் எனக்கு அப்போது ஒரு பக்தியே உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். வடக்கே கஞ்சம் ஜில்லாவிலிருந்து தெற்கே திருநெல்வேலி வரைக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே நாளில் ஒரே கேள்வி என்று நீ சொன்னாய். தாளில் பெயர்கூடக் கிடையாது, நம்பர்தான் என்றாய். திருத்துகிறவர் எங்கேயோ ஒரு ஊரில் உட்கார்ந்து திருத்துவார்; எழுதினவன் வக்கீல் மகனா, நெசவுக்காரன் மகனா என்று அவருக்குத் தெரியாது. அதைக் கேட்டு நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா? இந்த ஊரில் எந்த வாசலில் போய் நின்றாலும் நான் யார், எந்தத் தெரு என்று கேட்டுவிட்டுத்தான் என்னிடம் பேசுவார்கள். பரீட்சை கேட்கவில்லை. அது கேட்காததால்தான் இன்று நீ நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாய். ஆகவே பரீட்சையை நான் குறைத்துச் சொல்வதாக நினைக்காதே. யார் என்று தெரியாமலே உன்னை அது தூக்கிவிட்டது. யார் என்று தெரியாமலேதான் உன் தம்பியைக் கீழேயும் போட்டது. போடும்போது அவனுக்கு எத்தனை வயசு, அவன் எப்படிப்பட்ட பிள்ளை, வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றெல்லாம் அதற்குத் தெரியாது. அதெல்லாம் தெரிந்தவர்கள் பக்கத்தில் இருந்தால்தான் உண்டு.

ஏகாம்பரம் உன்னைப் போல இல்லை என்பது அவன் சின்ன வயசிலேயே எங்களுக்குத் தெரியும். சொன்னால் புரியும், செய்யச் சொன்னால் செய்வான், எழுதச் சொன்னால் கை நின்றுவிடும். மூன்றாவது பாரம் வரைக்கும் எப்படியோ வந்தான். அதற்கு மேல் ஒவ்வொரு வகுப்பிலும் உன் பெயர் அவனுக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தது. ‘அவன் தம்பியா நீ?’ என்று கேட்காத வாத்தியார் இல்லை. முதலில் அவனுக்கு அது பெருமையாகத்தான் இருந்தது. போகப்போக அந்தக் கேள்வியைக் கேட்டால் தலையைக் குனிந்துகொள்ள ஆரம்பித்தான். பரீட்சைக்கு முன்னால் ஒரு மாதம் காலையில் சாப்பிட்டது அவன் வயிற்றில் நிற்கவில்லை. பித்தம் என்று நினைத்து உன் அம்மா இஞ்சியும் தேனும் கொடுத்தாள்.

முடிவு வந்த அந்த ஜூன் மாதம், நீ லீவு முடிந்து பட்டணத்துக் காலேஜுக்குத் திரும்பிப் போய் ஒரு வாரம்கூட ஆகவில்லை. பிள்ளைகள் எல்லாரும் பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். ஏகாம்பரமும் போனான். மத்தியானச் சாப்பாட்டுக்கு வரவில்லை. மூன்று மணி வாக்கில் நான் போய்ப் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் காவல்காரனைத் தவிர யாரும் இல்லை. அவன்தான் உங்க பிள்ளை தேறவில்லை என்று சொன்னான். வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொன்னேன். “பெயிலானா ஆவட்டும், புள்ள எங்க?” என்றாள்.

அன்று சாயங்காலம் நாங்கள் தேடாத இடம் இல்லை. கோயில், கடைத்தெரு, ரயிலடி, அவன் சிநேகிதர்கள் வீடு. கடைசியாக நரசய்யாவும் நானும் சர்வதீர்த்தக் குளத்துக்குப் போனோம். இரண்டு பேருமே அதை வாயால் சொல்லிக்கொள்ளவில்லை. கால் அந்தப் பக்கம் போனது. படியில் ஏதாவது சட்டை, செருப்பு கிடக்கிறதா என்று பார்த்தேன். ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாததால் நிம்மதியும் வரவில்லை. தண்ணீர் சும்மா இருந்தது. நரசய்யா என் கையைப் பிடித்து, “ஊரிகே ரா, போதாம்”, சும்மா வா, போகலாம் என்று இழுத்துக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகு வெகு நாளைக்கு அந்தக் குளத்துப் பக்கமாக நான் நடக்கவில்லை.

மறுநாள் போலீஸ் ஸ்டேஷனில் சொன்னோம். ஆரணியில் இருந்து உன் மாமா வந்தார். பெயிலான பிள்ளைகள் பட்டணத்துக்குப் போய்க் கப்பலேறி ரங்கூனுக்கு ஓடிவிடுகிறார்கள் என்று யாரோ சொல்ல, நாங்கள் இரண்டு பேரும் பட்டணத்துக்கு ஓடினோம். ஹார்பருக்குப் போகும் வழியில் உன் ஹாஸ்டல் வாசலைத் தாண்டித்தான் போனோம். மாடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. அதில் உன் நீலக் கரை வேட்டி எதுவென்று பார்த்துக்கொண்டு நின்றேன். “பார்த்துட்டுப் போலாமா?” என்று மாமா கேட்டார். உனக்கும் அந்த வருஷம் பெரிய பரீட்சை. சொன்னால் நீயும் புஸ்தகத்தை மூடிவிட்டுத் தேட வந்துவிடுவாய் என்று பயந்து, வேண்டாம் என்று நடந்துவிட்டேன். தம்பி ஆரணியில் மாமா வீட்டில் இருக்கிறான் என்று உனக்கு எழுதியது அதனால்தான். ஹார்பரில் எங்களை யார் உள்ளே விடுவார்கள்? கேட்டுக்கு வெளியே நின்று, போகிற வருகிற ஆட்களின் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம்.

உன் அம்மா அழுது நான் அதிகம் பார்த்ததில்லை. அந்த நாட்களிலும் அவள் அழவில்லை. தினமும் அவன் தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைப்பாள். யாராவது வாசலில் செருப்பை விட்டால் எழுந்து வருவாள். நான் தறியில் உட்காருவேன். இழை அறுந்தால் முடிச்சுப் போடத் தோன்றாமல் அப்படியே உட்கார்ந்திருப்பேன். வீட்டில் ஒரு பேச்சும் கிடையாது. பேசினால் இரண்டு பேர் மனசிலும் இருப்பது வெளியே வந்துவிடும்.

ஏனாத்தூரிலிருந்து கீரை கொண்டுவரும் அம்மாள்தான் முதலில் சொன்னாள். ஆடி மாதம் என்று நினைக்கிறேன். வாலாஜாபாத் சந்தைக்குப் போய்விட்டு வந்தவள் உன் அம்மாவிடம், “உன் சின்னப் புள்ள அங்க அரிசி மில்லுல நெல்லு தொழாவிக்கினு இருக்கானே, நீதான் வேலைக்கு அனுப்பினியாம்மா?” என்று கேட்டாள். ரங்கூனுக்குப் போய்விட்டான் என்று நாங்கள் நினைத்த பிள்ளை ரயிலில் ஏறி உட்காருவதற்குள் வந்துவிடுகிற ஊரில் இருந்தான். அப்போதே கிளம்பிவிட்டேன்.

மில்லுக்குப் பின்னால் பெரிய களம். வேகவைத்த நெல்லை அதில் பரப்பி, காலால் வரிவரியாகத் தள்ளிக் காயவைப்பார்கள். அதைத்தான் துழாவுவது என்கிறார்கள். நல்ல வெயில். ஏழெட்டுப் பேருக்கு நடுவில் இவனும் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு நடந்துகொண்டிருந்தான். கறுத்துப்போயிருந்தான். என்னைப் பார்த்ததும் ஓடிவிடுவான் என்று பயந்து தூரத்திலேயே நின்றேன். அவன் ஓடவில்லை. அந்த வரியை முடித்துவிட்டு என் பக்கம் வந்தான்.

“இன்னா நைனா, வெயில்ல வந்துக்கினு.”

“உன்னைத் தேடிக்கினுதான்டா வந்தேன். வா, வீட்டுக்குப் போலாம்.”

“நான் வரலை. இங்க நல்லாத்தான் இருக்கேன். சோறு போடறாங்க.”

“அம்மா அங்க சரியா சாப்புடறதில்லைடா.”

“சாப்புடச் சொல்லு.” தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தான். “நான் பெயிலாயிட்டேன் நைனா.”

“தெரியும்டா. அதுக்கென்ன இப்போ?”

“தெரியும்னு சொல்றே. நான் நின்னதை நீ பார்க்கலியே.”

பிறகு சொன்னான். முடிவு வந்த அன்று பிள்ளைகளை முற்றத்தில் வரிசையாக நிற்கவைத்தார்களாம். தேறினவர்கள் பெயரை ஒவ்வொன்றாக வாசிக்க வாசிக்க, அந்தப் பிள்ளை வரிசையை விட்டுப் போய் வராந்தாவில் நிழலில் நிற்க வேண்டும். வரிசை குறைந்துகொண்டே வந்தது. தன் பெயர் வரும் வரும் என்று இவன் காத்திருந்தான். வாசித்து முடித்தபோது வெயிலில் இவனோடு கொஞ்சம் பேர்தான் மிச்சம். வராந்தாவில் இருந்தவர்கள் எல்லாம் அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாசித்தவர் காகிதத்தை மடித்துவிட்டு இவனிடம், ‘உங்கள் அண்ணன் இந்தப் பள்ளிக்கூடத்துக்குப் பேர் வாங்கிக் கொடுத்தான், நீ அதைக் கெடுத்தாய்’ என்றாராம். “அவரு திட்டினது கூட பரவால்ல நைனா. அண்ணன் பேரைச் சொன்னாரு பாரு, அதுதான் தாங்கலை. அண்ணன் லீவுக்கு வந்தா அவன் எதிர்ல நான் எப்படி நிக்கிறது?” என்றான். பள்ளிக்கூடத்திலிருந்து அவன் வீட்டுப் பக்கம்தான் நடந்திருக்கிறான். நம் தெருமுனை வரைக்கும் வந்திருக்கிறான். அங்கே நரசய்யா யாருடனோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, அவர் கேட்டால் என்ன சொல்வது என்று திரும்பிவிட்டான். அவ்வளவுதான் தூரம். நரசய்யாவிடம் இதை நான் இன்றுவரை சொல்லவில்லை.

எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். வரவில்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்திருக்கலாம். மறுபடி ஓடினால் அடுத்த தடவை வாலாஜாபாத்தில் நிற்கமாட்டான் என்று பயமாக இருந்தது. நான் தனியாகத் திரும்பி வந்து உன் அம்மாவிடம் சொன்னேன். மறுநாள் காலை முதல் ரயிலுக்கு அவள் கிளம்பிவிட்டாள், நானும் கூடப் போனேன். களத்துக்குப் போனதும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நெல்லில் இறங்கி அவன் பக்கத்து வரியைத் துழாவ ஆரம்பித்தாள். மேஸ்திரி என்னிடம் வந்து யார் இந்த அம்மா என்று கேட்டான். ஏகாம்பரம் நடையை நிறுத்திவிட்டான்.

“நீ ஏம்மா இதுல எறங்கறே? கால் சுட்டுடும்.”

“உனக்குச் சுடலியா?”

“எனக்குப் பழகிப்போச்சு.”

“எனக்கும் பழகிப்போவும். நீ இங்கதான் இருக்கப் போறேன்னா நானும் இங்கயே இருந்துக்கறேன். எனக்கு அந்த வீட்ல இன்னா வேலை?”

களத்தில் பாதி தூரம் அவள் நடந்திருப்பாள். அவன் குறுக்கே போய் நின்றுகொண்டான். “போதும்மா. வரேன்” என்றான். அன்று சாயங்காலம் மூன்று பேரும் ரயிலில் வந்தோம். அவள் பாதம் இரண்டும் கொப்பளித்துப் போயிருந்தது. வண்டி காஞ்சீபுரம் சேரும் வரைக்கும் அவன் அந்தக் காலைத் தன் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பரீட்சை என்கிற பேச்சை நாங்கள் யாரும் எடுக்கவில்லை.

எடுத்தவன் அவன்தான், தீபாவளிக்குப் பிறகு. “இன்னொரு வாட்டி எழுதிப் பார்க்கறேன்” என்றான். உன் அம்மா உடனே வேணாம்டா என்றாள். எனக்கு உள்ளுக்குள் ஆசை. அவன் என் முகத்தைப் பார்த்துச் சொன்னான்: “ஆனா ஒண்ணு. இந்த வாட்டியும் போச்சுன்னா, போச்சுன்னு நீங்க ரெண்டு பேரும் விட்டுடணும். அதை இப்பவே சொல்லணும்.” உன் அம்மா அந்தக் கணமே சரி என்றுவிட்டாள். நான் அன்று முழுவதும் யோசித்து மறுநாள்தான் சொன்னேன். சொன்னபோதுகூட மனசாரச் சொன்னேனா என்பது எனக்குத் தெரியாது. பிள்ளைக்காகக் கவலைப்படுகிறோம் என்று நினைக்கிறோம். அதில் பாதி நமக்காக என்று அந்த ஒரு நாளில் எனக்குப் புரிந்தது.

கீழ் வகுப்பில் அவனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த காதர் வாத்தியார் இதைக் கேள்விப்பட்டு வீட்டுக்கு வந்தார். ஏகாம்பரத்தைத் தன் எதிரில் உட்காரவைத்துப் பேச்சுவாக்கில் கேள்வி கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னான். பிறகு காகிதத்தைக் கொடுத்து, கடிகாரத்தை மேசை மேல் வைத்துவிட்டு, அதே கேள்வியை எழுதச் சொன்னார். பேனாவைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தான். “பாடம் வராம இல்லை முதலியாரே. யாராச்சும் பார்த்துக்கினு இருந்தா இவனுக்குக் கை நின்னுபோவுது. அதுக்குத்தான் பழக்கணும்” என்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் காலியாக இருக்கும் வகுப்பில் அவனைப் பரீட்சை போலவே உட்காரவைத்து எழுதவைத்தார். முதலில் அவர் வெளியே மரத்தடியில் இருந்துகொள்வார். கொஞ்ச நாள் கழித்து வாசலில் நாற்காலி போட்டுக்கொண்டார். பிறகு உள்ளே வந்து பெஞ்சுகளுக்கு நடுவில் நடந்தார். மார்கழி முடிவதற்குள் அவர் பின்னால் நின்று எட்டிப் பார்த்தாலும் இவன் கை ஓடியது.

நான்தான் தேறவில்லை. சாப்பிடும்போது எத்தனை கவளம் சாப்பிட்டான் என்று பார்ப்பேன். தறியிலிருந்து எழுந்து, தண்ணீர் குடிக்க வந்தது போல, அவன் எந்தப் பக்கத்தில் இருக்கிறான் என்று பார்ப்பேன். ‘படிச்சியா? எதுவரைக்கும் வந்திருக்கு?’ ஒரு நாள் அவன் புஸ்தகத்தை மூடிவிட்டு, “நீ கேட்டா படிச்சது மறந்து பூடுது நைனா” என்றான். கோபமாகச் சொல்லவில்லை, கெஞ்சுகிற மாதிரி சொன்னான். அதற்குப் பிறகு கேட்பதை நிறுத்தினேன். நாக்கு நுனி வரைக்கும் வரும். தறியில் பலகையை ஓங்கி இரண்டு தட்டுத் தட்டுவேன். உன் அம்மா மட்டும் வித்தியாசமாக ஒன்றும் செய்யவில்லை. பரீட்சை இல்லாத மாதங்களில் அவனை எப்படி நடத்தினாளோ அப்படியே நடத்தினாள். கடைக்கு அனுப்பினாள், தறிக்குப் பாவு நூலை நீட்டும்போது ஒரு முனையைப் பிடிக்கச் சொன்னாள். வாந்தி நின்றது.

பரீட்சைக்குச் செங்கற்பட்டுக்கு இந்த முறை தனியாகத்தான் போனான். நீ வராதே என்று சொல்லிவிட்டான். முடிவு வந்த அன்றும் அப்படித்தான். பட்டணத்துப் பத்திரிகை மத்தியான ரயிலில் வரும், அதில் நம்பர் போடுவார்கள். நானே போய் பார்த்துவிட்டு வரேன் என்று கிளம்பினான். அவன் தெருமுனையைத் திரும்பும் வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன். ரயில் வந்த சத்தம் கேட்டது. ரயிலடியிலிருந்து நம் வீட்டுக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று உனக்குத் தெரியும். அந்த நேரம் ஆனது, இன்னும் அதே அளவு நேரமும் ஆனது. வரவில்லை. நான் மேல்துண்டை எடுத்துத் தோளில் போட்டேன். “எங்க கிளம்பறீங்க?” என்றாள் உன் அம்மா. குளத்துக்கு என்று எப்படிச் சொல்வேன்? அவளுக்குத் தெரிந்துவிட்டது. “உக்காருங்க. வருவான்” என்றாள். சொல்லிவிட்டு அவளே வாசலில் போய் நின்றுகொண்டாள்.

வெயில் சாய்கிற நேரத்தில் வந்தான். நடையிலேயே தெரிந்துவிட்டது. நேராக உள்ளே வந்து, “நம்பர் இல்லை நைனா. ரெண்டு வாட்டி பார்த்தேன்” என்றான்.

“சரி விடு” என்றேன். “ஏன்டா இவ்ளோ நேரம்?”

“அங்க ஒரு பையன் நம்பரும் இல்லை. சின்னக் காஞ்சீபுரத்து ஐயங்கார் வீட்டுப் பையன். பேப்பரை வெச்சிக்கினு ரயிலடியிலேயே உக்காந்துட்டான். வீட்டுக்குப் போவ பயமா இருக்குதுன்னான். அதான், கூட நடந்து போய் அவங்க வீட்ல விட்டுட்டு வந்தேன். அவங்கம்மா கதவைத் தெறந்து உள்ள கூட்டிக்கினு போற வரைக்கும் நின்னுட்டு வந்தேன்.”

நான் முன்பு கொடுத்த வாக்கை அப்போதுதான் மனசாரக் கொடுத்தேன். அவன் தேறவில்லை என்கிற வருத்தம் எனக்கு இல்லாமல் இல்லை. இன்றும் கொஞ்சம் இருக்கிறது. வந்தவாசி பஸ் ஸ்டாண்டில் யாராவது இங்கிலீஷ் காகிதத்தைக் கொண்டுவந்து நீட்டினால் அவன் படித்துச் சொல்வதைப் பார்த்திருக்கிறேன். இவ்வளவு தெரிந்தவனுக்கு அந்த ஒரு நம்பர் விழாமல் போனதே என்று நினைத்துக்கொள்வேன். இரண்டு வருஷம் பஸ் கழுவினான், இன்று அதை ஓட்டுகிறான், அவன் வண்டியில் ஏறுகிறவர்கள் பயமில்லாமல் ஏறுகிறார்கள். பரீட்சை போனாலும் பிழைத்துக்கொள்ளலாம் என்று சொல்ல இதை எழுதவில்லை. பரீட்சை போன பிறகு அந்தப் பிள்ளை உயிரோடு வீட்டுக்கு வந்து சேர வேண்டும். அது தானாக நடந்துவிடும் என்று நினைக்காதே. எங்களுக்கு அது தானாக நடக்கவில்லை.

தேறாதவனைத் தேறினான் என்று எழுது என்று நான் கேட்கவில்லை. செலக்‌ஷனில் நிறுத்தியே ஆக வேண்டியவனை நிறுத்து. அது உன் வேலை, உன் நியாயம். ஆனால் முற்றத்தில் வேண்டாம்பா. ஒவ்வொருத்தனாக உள்ளே கூப்பிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, நீ சொல்லு. சொல்லிவிட்டு அடுத்த வருஷத்துக்கு என்ன செய்யலாம் என்பதையும் அதே மூச்சில் சொல்லு. வீட்டில் யார் இருக்கிறார்கள், யாரைப் பார்க்க அவனுக்குப் பயம் என்று கேள். ஞாயிற்றுக்கிழமையே அந்தச் செக்குக்காரரைப் போய்ப் பார். ஊரார் சொல்லி அவர் காதில் விழுவதற்கு முன்னால் நீ சொன்னதாக இருக்கட்டும். அந்தப் பையனுக்கு மூளை கிடையாது என்று எழுதினாய், அவன் பெயரை எழுதவில்லை. பெயர் தெரியாத அந்தப் பிள்ளையை நினைத்துத்தான் நேற்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அவனுக்கு அண்ணன் இருந்தால் அண்ணன் பெயரைச் சொல்லாதே.

நீ கெட்ட எண்ணத்தில் செய்வதாக நான் நினைக்கவில்லை. உனக்கு வாசிக்கப்பட்ட பெயராகவே பழக்கம். வராந்தா நிழலில் நின்றே வளர்ந்தாய், அது உன் குற்றமில்லை. உன் தம்பி இரண்டாவது முறை தேறாதபோது, இனி அவனைத் தறியில் உட்காரவையுங்கள் என்று நீ எழுதினாயே, அந்தக் கடிதத்தை நான் அவனிடம் காட்டவில்லை. இப்போதும் காட்டப்போவதில்லை. அவனுக்கு உன் மேல் ஒரு குறையும் கிடையாது. பஸ்ஸில் ஏறுகிற வாத்தியார்களிடம் எல்லாம், எங்க அண்ணனும் வாத்தியார்தான் என்று சொல்லிக்கொள்கிறான்.

தபாலில் போட்டால் செவ்வாய்க்கிழமைதான் உன் கைக்கு வரும் என்று தபால்காரர் சொல்கிறார். அதனால் ஏகாம்பரம் லீவு சொல்லிவிட்டு, நாளைக் காலை பஸ்ஸில் வந்தவாசி வழியாக இதைத் தானே எடுத்துக்கொண்டு வருகிறான். அவன் வாயால் ஒன்றும் சொல்லமாட்டான். கடிதத்தைக் கொடுத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பான். படித்துவிட்டு உனக்குக் கேட்கத் தோன்றுவதை அவனிடம் கேள். நான் கேட்டுத் தெரிந்துகொண்டதை எழுதினேன், அவன் அங்கே நின்றவன். சாயங்காலமே திரும்பிவிடுகிறேன் என்பான், விடாதே. திங்கட்கிழமை காலை நீ பள்ளிக்கூடம் கிளம்பும்போது அவனையும் கூட்டிக்கொண்டு போ. அந்தச் செக்குக்காரர் பிள்ளை உன் அறையிலிருந்து வெளியே வரும்போது பக்கத்தில் யாராவது ஒருத்தர் இருக்க வேண்டும்.

நைனா